பள்ளத்தக்கா

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

போனை அணைத்து, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதனால்தான் காகிதம். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். சிரி. என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்.

என் அக்கவுண்ட்டை எவனோ திருடிவிட்டான். இத்தனை வருஷத்தில் அதில் நான் என்ன போட்டிருக்கிறேன்? உன் பட்டமளிப்புப் படம், என் சின்னவளின் பிறந்தநாள், யாரோ அனுப்பிய ரோஜாப்பூ. அவ்வளவுதான். உன் படங்களைப் பார்க்கத்தானே நீயே எனக்கு அதைத் திறந்து கொடுத்தாய். போன வாரம் அதில் என் பெயரில் ஒரு புகார்: "உங்கள் மெத்தையை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. இதுதான் உங்கள் தரமா?" கூடவே ஊதிப்போன உடம்போடு நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற படம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கம்பெனியின் பெயரைக்கூட நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கம்பெனிக்காரன் அதற்குப் பதில் போட்டிருக்கிறான்: "அம்மா, உங்கள் படத்தைப் பார்த்தோம். மெத்தைக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். அது கடைசியாகச் சொன்ன வார்த்தை: விடிஞ்சாச்சு தாயே, பூமிக்கு இறங்கு."

அவ்வளவுதான். ஊர் முழுக்க அதே பேச்சு. நிலாவின் படத்தைப் போட்டு, அதன் பள்ளங்களுக்கு அருகில் என்னை ஒட்டியிருக்கிறார்கள். எனக்குப் பெயரும் வைத்தாயிற்று. பள்ளத்தக்கா.

நேற்று கிளினிக்கில் ஓர் ஆள் பல்லில் ஓட்டை அடைக்கப் படுத்திருந்தான். டாக்டர் துளைக்கிறார், நான் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருக்கிறேன். அவன் என் முகத்தை அண்ணாந்து பார்த்தான், கண்ணைச் சுருக்கினான், திறந்த வாயோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். பஞ்சு தொண்டைக்குள் போகப் பார்த்தது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "கொஞ்ச நாள் உள்ளயே இருங்கம்மா. கருவி கழுவுற ரூம்ல. ஆறட்டும்" என்றார். அடுத்த மாதம் திறக்கிற புதுக் கிளையில் முன்மேசை வரவேற்பு வேலை உங்களுக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்ன அதே மனிதர். "அப்போ அந்த மேசை?" என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

நீ கம்ப்யூட்டர் படித்தவன். விளம்பர ஆபீசில் இதே வேலைதான் செய்கிறாய். அவன் யார் என்று கண்டுபிடித்துக் கொடு. போலீசெல்லாம் வேண்டாம். அவன் எதிரில் நின்று ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: நான் உனக்கு என்னடா பண்ணேன்?

அக்கா

*

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். நான்தான்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, நேரமும் இல்லை. அந்த மெத்தைக் கம்பெனி எங்கள் ஆபீசின் வாடிக்கையாளர். புதுசு. யாருக்கும் பெயர் தெரியாது. எங்கள் வேலை மெத்தை விற்பது இல்லை, பெயரை மண்டையில் உட்கார வைப்பது. கடைத்தெருவில் ஆட்களை நிறுத்திக் கேட்போம்: "மெத்தைன்னதும் எந்தப் பேரு ஞாபகம் வருது?" போன மாதம் நூறில் நாலு பேர் இந்தப் பெயரைச் சொன்னார்கள். இப்போது முப்பத்தொரு பேர். அந்த இருபத்தேழு பேர் உன்னால் வந்தவர்கள். நல்லபடியாக ஞாபகம் வைத்திருக்கிறார்களா, கெட்டபடியாகவா என்று இப்போதைக்கு யாரும் கேட்பதில்லை.

மெத்தை நன்றாக இருக்கிறது என்று ஒருவன் எழுதினால் அவன் பெண்டாட்டிகூடப் படிக்கமாட்டாள். சண்டை என்றால் தெருவே ஜன்னலைத் திறக்கும். சண்டை போட ஓர் ஆள் வேண்டும். நாங்களே புதிதாக அக்கவுண்ட் திறந்தால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பழைய அக்கவுண்ட், உண்மையான முகம், எதையும் விற்காத ஆள் வேண்டும். உன் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. படம் குடும்பக் குழுவில் இருந்தது. முதல் அரை மணி நேரம் எங்கள் ஆபீஸ் ஆட்களே யாரோ மாதிரி வந்து கமெண்ட் போட்டோம். தண்ணீர் ஊற்றிப் பம்ப்பைக் கிளப்புவது மாதிரி. அப்புறம் அதுவே ஓட ஆரம்பித்துவிட்டது.

நான் எழுதியது புகார் மட்டும்தான். அதில் தப்பாக ஒரு வார்த்தை இருக்கிறதா, நீயே பார். அந்தப் பதிலைப் போட்டது கம்பெனி ஆள். அவன் உன் உடம்பைப் பிடித்துக்கொண்டு பேசுவான் என்று நான் என்ன கண்டேன்.

நீ எனக்கு என்ன பண்ணினாய் என்று கேட்கிறாய். ஒன்றும் பண்ணவில்லை. வேறு யாராக இருந்தாலும் அனுமதி கேட்க வேண்டும். நீ அக்கா.

மூன்று நாள் பொறு. அதற்குள் வேறொருத்தன் எங்காவது வழுக்கி விழுவான், எல்லோரும் அங்கே ஓடிவிடுவார்கள். யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

தம்பி

*

பிப்ரவரி 15

தம்பிக்கு,

பொய் எழுதும்போதும் உன் கையெழுத்து கோணுவதில்லை. நல்ல படிப்பு.

"விடிஞ்சாச்சு தாயே, பூமிக்கு இறங்கு." இதைக் கம்பெனி ஆள் எழுதினானா? அந்தக் கம்பெனி ஆளா பள்ளிக்கூட நாளில் என் காலைப் பிடித்து இழுத்து, போர்வையை உருவி, தினமும் இதே வார்த்தையைச் சொல்லி என்னை எழுப்பினான்? இதைச் சொன்னவன் உலகத்தில் ஒருத்தன்தான். படித்த நொடியிலேயே எனக்கு எங்கேயோ இடித்தது. பாழாய்ப்போன மனசு, நம்ம வீட்டுப் பேச்சு அடுத்தவனுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் ஆச்சரியப்பட்டது. உன்னைச் சந்தேகப்படவில்லை. திருடனைப் பிடிக்கச் சொல்லித் திருடனுக்கே கடிதம் எழுதியிருக்கிறேன்.

ஆக, என் வாயில் பேசியவனும் நீ. என் வாயில் அடித்தவனும் நீ.

என் உடம்பு ஏன் இப்படி ஆனது என்று உனக்குத் தெரியும். மூட்டுவலிக்கு அந்த மாத்திரையை ஆரம்பித்தபோது "ஊதும்க்கா, பயப்படாத, நிறுத்தினா வத்திடும்" என்று வலைத்தளத்தில் படித்துச் சொன்னவனே நீதான். நிறுத்தினால் என்னால் கை மடக்க முடியாது, கருவி பிடிக்க முடியாது என்பதும் உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேள். உன் மாமா அன்று சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகபகவென்று சிரித்தார். "என்னங்க?" என்று போனேன். அப்போதுதான் அதில் என் பெயரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். முதலில் சிரித்தார், பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. பாவம், அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் நடுவில் இருந்த அந்த ஒரு நொடியை நான் பார்த்துவிட்டேன். இனிமேல் எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் அதைப் பார்க்காத மாதிரி ஆக்க முடியாது.

சின்னவளின் வகுப்பில் ஒருவன் கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு உள்ளே ஒரு பள்ளம் வரைந்து வைத்திருந்தானாம். அவள் அழவில்லையாம். அழித்துவிட்டு உட்கார்ந்தாளாம். பத்து வயசு.

நீ சொன்ன மூன்று நாள் முடிந்துவிட்டது. யாரும் வழுக்கி விழவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

சரி. பதிலும் நான்தான் எழுதினேன். கம்பெனி ஆள் எழுதிக் கொடுத்தது உப்புச்சப்பில்லாமல் இருந்தது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதை எவன் படிப்பான்? நேரமில்லை, மண்டையில் முதலில் வந்ததை அடித்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. மாத்திரை விஷயமும் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் எழுதாமல் இருந்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது. பொய் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் படி.

கம்பெனி சமாதானம் பேச நினைக்கிறது. உன்னை அழைத்து, புது மெத்தையில் உட்காரவைத்து, மன்னிப்புக் கேட்டு, எல்லோரும் பார்க்க நேரலையில் போடுவார்கள். கேலி செய்த அதே கூட்டம் உன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடும். இந்தக் கூட்டத்துக்கு அழுகிறவரை மிதிக்கத் தெரியும், தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறவரை மிதிக்கத் தெரியாது. உன் டாக்டரும் பார்ப்பார். முன்மேசை திரும்பி வரும். நான் உறுதியாகச் சொல்கிறேன், இது கணக்கு.

எனக்கும் லாபம் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்த வேலை முடிந்தால்தான் என்னை நிரந்தரம் ஆக்குவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். நீ வராவிட்டால் ஆரம்பித்ததை முடிக்கத் தெரியாதவன் என்று கழற்றிவிடுவார்.

என்ன பேசுவது என்று பயப்படாதே. யாரும் எழுதிக்கொடுத்தது மாதிரி இருக்கக்கூடாது. வீட்டுக் கதை ஏதாவது ஒன்று சொல். சின்ன வயசில் நடந்தது, சிரிப்பு வருவது, கொஞ்சம் வெட்கமானது. அதுதான் பரவும். எதைச் சொன்னாலும் சரி.

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

வருகிறேன்.

வண்டி அனுப்பச் சொல். நீலப் புடவைக்கு ரவிக்கை இப்போது சேராது, வேறு உடுத்திக்கொள்கிறேன். எதைச் சொன்னாலும் சரி என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அக்கா

*

மார்ச் 3

அக்காவுக்கு,

நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. வெறி தீர்ந்ததா?

தொகுப்பாளினி என்ன கேட்டாள்? "எங்க மேல கோபம் போயிடுச்சாக்கா?" போயிடுச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். நீ அந்த மெத்தையைத் தடவிப் பார்த்தாய், இரண்டு தட்டுத் தட்டினாய், நம்ம வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆரம்பித்தாய்.

"மெத்தை மேல என்னம்மா கோபம்? எங்க வீட்டு மெத்தை பட்ட பாட்டுக்கு இது ராஜ வாழ்க்கை. என் தம்பி பெரிய பையன் ஆகுற வரைக்கும் படுக்கையிலேயே போவான். எங்கப்பா அவனுக்குக் குழாய்னு பேர் வச்சிருந்தாரு. தினம் காலையில மெத்தை மாடிக் கம்பியில காயும், தெருவே நிமிர்ந்து பாக்கும். யாருன்னு கேக்குறியா? அதோ, கேமராவுக்குப் பின்னாடி லேப்டாப்போட நிக்கிறானே, அவன்தான். உங்க ஆளுதான்!"

கேமராக்காரன் என் பக்கம் திருப்பினான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த முகம் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது.

ஆபீசில் என் நாற்காலி மேல் ரப்பர் ஷீட் விரித்து வைத்திருக்கிறார்கள். எடுத்துப் போட்டால் மறுபடி விரிக்கிறார்கள். எதிர் மேசைக்காரி, நான் பேசலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாகத் தயங்கிக்கொண்டிருந்த பெண், அவளே வந்து "தண்ணி கம்மியா குடிங்க" என்றாள். எந்தப் பேச்சு எத்தனை பேரிடம் போனது என்று திரையில் பார்த்துத் தினமும் அறிக்கை எழுதுவது என் வேலை. குழாய் என்ற சொல்லை எத்தனை பேர் சொன்னார்கள் என்று நானே எண்ணி, நானே வரைபடம் போட்டு, நானே மேலாளரிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். "டேய், உங்கக்கா சாதாரண ஆள் இல்லடா. அவங்களை வேலைக்கு எடுத்துட்டு உன்னை அனுப்பியிருக்கணும்."

அக்கா, நனைத்தது நான் இல்லை.

உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நீ அன்றைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய். அப்பா போர்வையைத் தூக்கியபோது நீ சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நான்தான் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் நான்தான். அடியும் எனக்கு, பெயரும் எனக்கு. ஈர மெத்தையை மாடிக்குச் சுமந்ததும் நான். அதை எடுத்து என் மேலேயே வீசியிருக்கிறாய்.

மேலாளர் பதில் கேட்கிறார். "குழாய் பதில் சொல்லணும்டா, ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள்ள போடு. சூடு ஆறிடும்." எனக்கு எழுத ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. அது என்ன என்று உனக்குத் தெரியும். நீயே ஒரு வார்த்தை போட்டுவிடு, சும்மா தமாஷுக்குச் சொன்னேன் என்று. அப்படிச் செய்தால் நான் எழுத வேண்டியிருக்காது.

தம்பி

*

மார்ச் 8

தம்பிக்கு,

வெறி தீர்ந்ததா என்று கேட்டாய். தீரவில்லை. ஆனால் வண்டியில் திரும்பி வரும்போது பசித்தது. ஒரு மாதமாகப் பசிக்கவே இல்லை.

ஆமாம், நான்தான். மறந்துபோய்ச் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்து சொல்லும்போது ஒவ்வொரு வார்த்தையும் தெரிந்துதான் சொன்னேன். உன் முகம் போன போக்கைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். என்னைக் கேட்காமல் என் முகத்தை எடுத்தாய். உன்னைக் கேட்காமல் உன் பெயரை எடுத்தேன். வேறு யாராக இருந்தாலும் அனுமதி கேட்க வேண்டும், நீ தம்பி.

உன் கணக்கு சரிதான். டாக்டர் பார்த்திருக்கிறார். "நல்லாப் பேசுறீங்கம்மா, ஜனங்களுக்குப் பிடிக்குது" என்றார். திங்கட்கிழமை புதுக் கிளை திறக்கிறது. முன்மேசையில் நான். வருகிறவர்கள் பள்ளத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது. கூப்பிடட்டும். சிரித்துக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுப்பேன். சின்னவளின் வகுப்பில் வட்டம் வரைந்தவனே வந்து "உங்கம்மா சூப்பர்" என்றானாம்.

நான் தமாஷ் என்று எதையும் போடப் போவதில்லை. நீயும் எதையும் போடமாட்டாய். இத்தனை தைரியமாக எப்படிச் சொன்னேன் என்று நினைக்கிறாய்? நீ வாயைத் திறக்கமாட்டாய் என்று தெரிந்துதான். அப்பாவின் பெல்ட் வாரைப் பார்த்தபோதே சொல்லாதவன், ஆபீஸ்காரன் முதுகில் தட்டினதற்கா சொல்லப்போகிறாய்? நீ எத்தனை கெட்டுப்போனாலும் அந்த ஒரு இடம் உன்னிடம் கெடவில்லை என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் சாய்ந்துதான் உன்னை அடித்தேன். கேவலம்தான். இருந்தாலும் அதுதான் உண்மை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், உனக்கு மட்டும். சின்னவளுக்கும் அது இருக்கிறது. என்னைப் போலவே. உன் மாமாவுக்கே தெரியாது, அவர் எழுவதற்கு முன் விரிப்பை மாற்றிவிடுகிறேன். அம்மாவுக்கு இருந்தது என்று வெளியே தெரிந்தால் மகளுக்கும் இருக்கும் என்று அந்த வகுப்பு ஒரே நாளில் முடிவு கட்டிவிடும். அவள் கரும்பலகையை அழித்தாளே, அந்த மாதிரி இதை அழிக்க முடியாது. என் மேல் உள்ள கோபத்தில் நீ நிலைதடுமாறினால்கூட, அவளுக்காகவாவது பேசாமல் இரு.

வேலை போனால் இங்கே வா. கூடத்தில் படுத்துக்கொள். சோறு போடுகிறேன், திட்டிக்கொண்டே.

அக்கா

*

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நான் நேற்றுக் காலையே போட்டுவிட்டேன்.

நீ போனை அணைத்து வைக்காமல் இருந்திருந்தால் இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் பேசியிருக்கலாம். காகிதத்தில் எழுதினால் இப்படித்தான்.

எழுதியது இவ்வளவுதான்: "மெத்தை காய்ந்தது உண்மை. சுமந்தது நான். நனைத்தது அக்கா. அடி வாங்கியது யார் என்று கேட்காதீர்கள்." நன்றாக எழுதியிருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இதுவரை வந்ததிலேயே இதுதான் பெரிசு. கடைத்தெருவில் இப்போது நூறில் ஐம்பதுக்கு மேல். என்னை நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள். ரப்பர் ஷீட்டை எடுத்துவிட்டார்கள். எதிர் மேசைக்காரி "பாவம்ங்க நீங்க" என்றாள்.

உன் டாக்டரின் கிளினிக் பக்கத்தைப் பார்த்தேன். திறப்பு விழா அறிவிப்பில் உன் படம் இருந்தது. இன்று மத்தியானம் எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி உனக்கு ஒரு மெத்தை அனுப்புகிறது. நீர் புகாத உறை போட்டது, புது வகை. அதை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்ததும் மேலாளரிடம் போய் இரண்டு அனுப்பச் சொன்னேன். உன்னிடமிருந்து எதையும் எடுக்காமல் நான் செய்த காரியம் இது ஒன்றுதான் என்று நினைத்தேன். "எதுக்குடா ரெண்டு?" என்றார். சின்ன வயசில் மாதிரி "எனக்குத்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை. சும்மா நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "உங்கக்காவுக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல?" என்று கேட்டார். நான் அதற்கும் சும்மா நின்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய் யாருக்கோ போன் போட்டார்.

சனிக்கிழமை இரண்டு மெத்தையோடு வண்டி வரும். பெட்டியைப் பிரிக்கிறபோது படம் எடுக்க ஓர் ஆளும் கூட வருவான். கதவைத் திறக்காதே என்று எழுத நினைத்தேன். திறக்காவிட்டால் மூடின கதவைப் படம் எடுப்பான், அது இன்னும் பரவும். எனவே திற.

மூன்று நாள் பொறு. சின்னவளிடமும் சொல்.

தம்பி